பாலிமர் மேதை பால் ஃபிளோரி

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

தேர்த் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டவனுக்குக் கை காலை நீட்ட இடம் இருக்காது. கூட்டம் தள்ளுகிற பக்கம் போவதைத் தவிர வேறு வழியில்லை. திறந்த வெளியில் தனியாக நிற்பவனோ விரும்பியபடி நடக்கலாம், ஓடலாம். நெரிசல் என்றால் நெருக்கடி, தனிமை என்றால் தாராளம் என்பதே நம் அனுபவம் சொல்லித் தரும் பாடம்.

ஆனால் நாம் அன்றாடம் கையாளும் நைலான் கயிற்றிலும், பிளாஸ்டிக் வாளியிலும், இரப்பர் செருப்பிலும் உள்ள நீண்ட மூலக்கூறுகளின் உலகில் இந்தப் பாடம் தலைகீழாகிவிடுகிறது. அங்கே, நல்ல கரைப்பானில் தனித்து மிதக்கும் சங்கிலிதான் தன் உடலே தனக்கு இடைஞ்சலாகி விரிந்துகொள்கிறது. தன்னைப் போன்ற ஆயிரமாயிரம் சங்கிலிகளுக்கு நடுவே நெருக்குண்டு கிடக்கும் சங்கிலியோ, இடைஞ்சலே இல்லாதது போல் இயல்பான உருவத்தில் இருக்கிறது. நம்புவதற்குக் கடினமான இந்த உண்மையை, கருவிகள் கண்டு சொல்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே சிந்தனையால் கண்டு சொன்னவர் அமெரிக்க விஞ்ஞானி பால் ஜான் ஃபிளோரி. அவருடைய வாழ்க்கையையும் பணியையும் இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்னும் ஊரில் 1910-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் ஃபிளோரி பிறந்தார். தந்தை சமயப் பணியோடு கல்விப் பணியும் ஆற்றியவர். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருவருடைய முன்னோரும் தலைமுறை தலைமுறையாக உழவர்கள். அந்தக் குடும்பங்களில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்தவர்கள் ஃபிளோரியின் தாய் தந்தையரே. நம் கல்லூரியில் என்னைப் போன்ற பலரும் தத்தம் வீட்டின் முதல் கல்லூரி மாணவர்கள். ஆதலால் இந்தச் செய்தி நமக்கு நெருக்கமானது. ஒரு தலைமுறை கல்லூரிக்குப் போனதன் பயன் அடுத்த தலைமுறையில் எவ்வளவு உயரம் எழ முடியும் என்பதற்கு ஃபிளோரியின் வாழ்வு ஒரு சான்று.

1927-ஆம் ஆண்டு எல்ஜின் உயர்நிலைப் பள்ளியில் படிப்பை முடித்த அவர், இந்தியானா மாநிலத்தில் உள்ள மான்செஸ்டர் கல்லூரியில் சேர்ந்தார். அது பெரும் புகழ் பெற்ற கல்லூரி அன்று. சிறிய கலைக் கல்லூரிதான். ஆனால் அங்கே கார்ல் ஹோல் என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். ஃபிளோரியின் உள்ளத்தில் வேதியியல் ஆர்வத்தை மூட்டியவரும், மேற்படிப்புக்குப் போகும்படி ஊக்கியவரும் அவரே. 1931-இல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஃபிளோரி, முதலில் கரிம வேதியியல் பயின்றார். பிறகு இயற்பியல் வேதியியலுக்கு மாறினார். 1934-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வு ஒளி வேதியியலைப் பற்றியது. பாலிமருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

கரோதர்ஸின் குழுவில்

அந்தக் காலத்தில் பாலிமர் என்பதே விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்காக இருந்தது. இரப்பரும் செல்லுலோசும் சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட திரள்கள்தாம் என்று பலர் எண்ணினர். இல்லை, அவை ஆயிரக்கணக்கான அணுக்கள் வேதிப் பிணைப்பால் வரிசையாகக் கோக்கப்பட்ட பெரு மூலக்கூறுகளே என்று 1920-இல் எடுத்துரைத்தார் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். பத்தாண்டுக் காலம் வாதாடிய பிறகே அவர் கருத்து நிலைபெற்றது. அதற்குரிய நோபல் பரிசு அவருக்கு 1953-இல்தான் கிடைத்தது.

1934-இல் ஃபிளோரி டுபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வாலஸ் கரோதர்ஸின் சிறிய குழுவில் அவரைச் சேர்த்தார்கள். நியோபிரீன் என்ற செயற்கை இரப்பரையும், 1935-இல் நைலானையும் உலகுக்குத் தந்த குழு அது. மற்றவர்கள் குடுவையில் பாலிமர்களை ஆக்கிக்கொண்டிருக்க, அவற்றின் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு ஃபிளோரிக்கு வந்தது.

நைலான் உருவாகும்போது சங்கிலிகளின் நுனிகள் ஒன்றோடொன்று வினை புரிந்து நீண்டுகொண்டே போகின்றன. சங்கிலி நீள நீள அது கனத்துப்போய் மெல்ல நகரும். ஆகவே அதன் நுனி வினை புரியும் வேகமும் குறைந்துகொண்டே போகும் என்பது அன்றைய பொதுக் கருத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஃபிளோரி இதை மறுத்தார். சங்கிலி முழுதும் இடம்பெயர நெடுநேரம் ஆகும் என்பது மெய். ஆனால் அதன் நுனி மட்டும் தான் இருக்கும் சிறு வட்டத்துக்குள் துள்ளிக்கொண்டே இருக்கிறது. நீண்ட கயிற்றில் கட்டிய கன்று தோப்பு முழுவதும் சுற்ற முடியாது. ஆனால் கயிற்றின் எல்லைக்குள் ஓயாமல் துள்ளும் அல்லவா? அதைப் போலத்தான். மேலும், இரு நுனிகள் அருகில் வந்துவிட்டால், மெல்ல நகர்வதாலேயே அவை சீக்கிரம் பிரிவதில்லை. பலமுறை மோதிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. எனவே நீளம் எதுவாயினும் நுனியின் வினைத்திறன் ஒன்றே என்று கொண்டார். இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டு, ஒரு பாலிமரில் எந்த நீளச் சங்கிலி எத்தனை பங்கு இருக்கும் என்பதை நிகழ்தகவுக் கணக்கால் வகுத்து 1936-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 26. அதே ஆண்டில் எமிலி டாபரை மணந்தார்.

அடுத்த ஆண்டே ஒரு பேரிடி விழுந்தது. மனச்சோர்வு நோயால் நீண்ட காலம் வாடிய கரோதர்ஸ், 1937 ஏப்ரலில், 41 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். நைலான் கடைக்கு வருவதைக்கூட அவர் பார்க்கவில்லை. வழிகாட்டியை இழந்த ஃபிளோரி 1938-இல் டுபாண்டை விட்டு சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்.

போரும் இரப்பரும்

இரண்டாம் உலகப் போர் அவரை மீண்டும் தொழில்துறைக்கு இழுத்தது. 1942-இல் மலாயா முதலிய நாடுகளை ஜப்பான் கைப்பற்றியதும், நம் தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் இரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. டயர் இல்லாமல் போர் ஏது? செயற்கை இரப்பர் ஆராய்ச்சி அவசரத் தேவையாயிற்று. 1940 முதல் 1943 வரை ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் எஸ்ஸோ ஆய்வுக்கூடத்திலும், 1943 முதல் 1948 வரை குட்இயர் டயர் நிறுவனத்திலும் ஃபிளோரி பணியாற்றினார்.

அவசர வேலைகளுக்கு நடுவிலும் அடிப்படைக் கேள்விகளை அவர் கைவிடவில்லை. பாலிமர் கரைசலைச் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களாகக் கற்பனை செய்து, சங்கிலியின் கண்ணிகளைக் கட்டத்துக்கு ஒன்றாக வைத்து, எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்கிட்டார். கோடாக் நிறுவனத்தில் இருந்த மாரிஸ் ஹக்கின்சும் தனியாக இதே முடிவை எட்டியதால், இது ஃபிளோரி-ஹக்கின்ஸ் கொள்கை எனப் பெயர் பெற்றது. இருவேறு பிளாஸ்டிக்குகளை உருக்கிக் கலக்கினாலும் அவை பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் போல் பிரிந்துவிடுகின்றன. ஏன் என்பதை இக்கொள்கை விளக்குகிறது. சிறு மூலக்கூறுகள் தனித்தனியே சிதறிக் கலப்பதால் ஒழுங்கின்மை மிகுகிறது; அதுவே கலப்பதற்குத் தூண்டுதல். நூற்றுக்கணக்கான கண்ணிகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டு கிடக்கும்போது அந்தத் தூண்டுதல் மிகச் சிறிதாகிவிடுகிறது. கழிவுப் பிளாஸ்டிக்கை வகை பிரிக்காமல் உருக்கினால் உறுதியான பொருள் கிடைப்பது அரிது என்பதற்கு இதுவே காரணம்.

கார்னெலில் கண்ட உண்மை

1948-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், நோபல் பரிசு பெற்ற பீட்டர் டிபையின் அழைப்பின் பேரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவுகள் ஆற்றச் சென்றார். அங்கேயே பேராசிரியரானார். அந்தச் சொற்பொழிவுகள் விரிந்து 1953-இல் பாலிமர் வேதியியல் கோட்பாடுகளைப் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. இன்றும் அத்துறையினர் அதைப் புரட்டுகின்றனர். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன உண்மையை அவர் கண்டறிந்ததும் கார்னெலில்தான்.

வளையும் சங்கிலி ஒன்று எப்படிக் கிடக்கும்? கண் கட்டிய ஒருவன் ஒவ்வோர் அடியையும் மனம் போன திசையில் வைப்பதாகக் கொள்வோம். 10,000 அடி வைத்தாலும் புறப்பட்ட இடத்திலிருந்து அவன் விலகியிருப்பது சராசரியாக 100 அடிதான். அதாவது அடிகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம். பாலிமர்ச் சங்கிலியும் இப்படிச் சுருண்டு கிடக்கும் என்பதை 1934-லேயே வெர்னர் கூன் முதலியோர் கூறியிருந்தனர்.

ஆனால் நடப்பவனுக்கும் சங்கிலிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நடப்பவன் முன்பு மிதித்த இடத்தையே மீண்டும் மிதிக்கலாம். சங்கிலியில் ஒரு கண்ணி இருக்கும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்க முடியாது. ஆகவே, நல்ல கரைப்பானில் தனியாக இருக்கும் சங்கிலி தன்னோடு தானே முட்டிக்கொள்ளாமல் இருக்க விரிகிறது. மிக விரிந்தாலோ, நீட்டிய இரப்பர் நாடா போல் உள்ளே இழுவிசை தோன்றுகிறது. இந்த இரண்டும் சமனாகும் இடத்தை ஃபிளோரி கணக்கிட்டார். வர்க்கமூலம் போய், ஐந்தில் மூன்று என்ற அடுக்கு வந்தது. அதன்படி 10,000 கண்ணிகளின் விலகல் 100 அன்று, ஏறத்தாழ 250. சங்கிலி நீள நீள இந்த வேறுபாடும் பெருகும். பிற்காலத்தில் நுட்பமான கணக்குகள் இந்த அடுக்கை 0.588 என்று கண்டன. ஃபிளோரி சொன்னது 0.6. அரைப் பக்கக் கணக்கில் இவ்வளவு அருகில் வந்தது இன்றும் வியப்புக்குரியது.

கரைப்பானையும் வெப்பநிலையையும் தக்கபடி தேர்ந்தெடுத்தால், கண்ணிகளுக்கு இடையிலான கவர்ச்சியும் இந்த விலக்கலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, சங்கிலி தன் இயல்பான உருவத்துக்குத் திரும்பிவிடும் என்றும் காட்டினார். அந்த வெப்பநிலைக்குத் தீட்டா வெப்பநிலை என்று பெயர். சைக்ளோஹெக்சேனில் கரைந்த பாலிஸ்டைரீனுக்கு அது சுமார் 34.5 டிகிரி செல்சியஸ்.

அடுத்ததாக அவர் கேட்ட கேள்வி: கரைப்பானே இல்லாமல் சங்கிலிகள் மட்டுமே நெருங்கிக் கிடக்கும் உருகிய பாலிமரில் என்ன ஆகும்? நெருக்கம் தாங்காமல் சங்கிலி கசங்கி ஒடுங்கும் என்றோ, ஒன்றையொன்று ஒட்டிக் கட்டுக் கட்டாக அடுங்கும் என்றோதான் நமக்குத் தோன்றும். ஃபிளோரி வேறு விதமாக எண்ணினார். ஒரு கண்ணிக்குத் தன் பக்கத்தில் இருப்பது தன் சங்கிலியின் கண்ணியா, அயல் சங்கிலியின் கண்ணியா என்று தெரியாது. சங்கிலி விரிந்தாலும் முட்டுவது குறையப் போவதில்லை. தன் கண்ணி விலகிய இடத்தில் அயல் கண்ணி வந்து நிற்கும். விரிவதால் ஆதாயம் இல்லையென்றால் ஏன் விரிய வேண்டும்? எனவே நெரிசலின் நடுவே சங்கிலி, கண் கட்டியவன் நடை போன்ற தன் இயல்பு உருவத்திலேயே இருக்கும். இதை அவர் 1949-இல் எழுதினார்.

இருபதாண்டுக் காத்திருப்பு

எழுதியதை மெய்ப்பிக்க அன்று வழியில்லை. ஒரே மாதிரியான சங்கிலிகளின் கூட்டத்தில் ஒன்றை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது எப்படி? ஒரு குண்டான் இடியாப்பத்தில் ஓர் இழையின் தலையையும் வாலையும் தேடுவது போன்ற வேலை அது. உருகிய பாலிமரிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கிலும் சங்கிலிகள் கட்டுக் கட்டாக ஒழுங்குபட்டிருப்பதாகப் பல ஆய்வாளர்கள் நம்பினர். மின்னணு நுண்ணோக்கிப் படங்களையும் சான்று காட்டினர். ஃபிளோரி தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

தீர்ப்பு நியூட்ரான் வழியாக வந்தது. சாதாரண ஹைட்ரஜனும், டியூட்டீரியம் எனப்படும் கன ஹைட்ரஜனும் நியூட்ரான்களை வெவ்வேறு விதமாகச் சிதறடிக்கின்றன. சங்கிலிகளில் சிலவற்றை மட்டும் கன ஹைட்ரஜன் கொண்டு ஆக்கி மற்றவற்றோடு கலந்தால், கூட்டத்தில் சிலருக்கு மட்டும் சிவப்புத் தலைப்பாகை கட்டியது போல் ஆகிவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் நாடுகளின் ஆய்வாளர்கள் இச்சோதனையைச் செய்தனர். நெரிசலுக்குள் இருந்த சங்கிலியின் அளவு, தீட்டா கரைப்பானில் தனியாக இருக்கும் சங்கிலியின் அளவோடு ஒத்துப்போயிற்று. ஃபிளோரியின் முடிவு நிலைபெற்றது.

எல்லாச் சங்கிலிகளும் நெரிசலில் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். வளையாத கோல் போன்ற மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் எல்லைக்குமேல் அவை ஒரே திசையில் அணிவகுத்துத்தான் ஆக வேண்டும் என்று 1956-இல் கணக்கிட்டுக் காட்டினார். 1965-இல் டுபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ஸ்டெஃபனி க்வோலக் கண்டறிந்து, பின்னர் குண்டு துளைக்காத உடைகளுக்குப் பயன்பட்ட கெவ்லார் இழை, இத்தகைய அணிவகுத்த கரைசலிலிருந்தே நூற்கப்படுகிறது.

படிகப் பரப்பில் ஒரு போராட்டம்

பரப்புக்கு வந்து சேரும் சங்கிலி என்ன செய்யும் என்ற கேள்வியிலும் ஃபிளோரி பெரும் வாதத்தில் இறங்கினார். 1957-இல் பிரிஸ்டலில் ஆண்ட்ரூ கெல்லர், பாலிஎத்திலீன் மெல்லிய தகடுகளாகப் படிகமாவதைக் கண்டார். தகட்டின் கனம் ஒரு சென்டிமீட்டரில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சங்கிலியோ அதைவிடப் பல மடங்கு நீளமானது. தகட்டுக்குக் குறுக்காக நிற்கிறது. ஆகவே தகட்டின் மேற்பரப்பை எட்டியதும் அது திரும்பிப் பக்கத்திலேயே உள்ளே நுழைந்து, மடித்த புடவை போல் மடிந்து மடிந்து செல்ல வேண்டும் என்றார் கெல்லர்.

உருகிய நிலையிலிருந்து படிகமாகும்போது இவ்வளவு ஒழுங்காக மடிய நேரம் ஏது என்று 1962-இல் ஃபிளோரி கேட்டார். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கம்பிகள் ஒரு துளையிலிருந்து எங்கோ உள்ள இன்னொரு துளைக்குப் போவது போல், சங்கிலிகள் பரப்பை விட்டு வெளியேறி அலைந்து வேறோர் இடத்தில் நுழையும் என்றார். ஆனால் வெளியே வந்து சுருளும் சங்கிலிக்கு, உள்ளே நேராக நிற்பதைவிட அதிக இடம் வேண்டும். எல்லாச் சங்கிலிகளும் வெளியே வந்தால் பரப்பில் இடமே போதாது; ஆகவே ஒரு பங்கு உடனே திரும்பித்தான் ஆக வேண்டும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதே வழக்கு. 1979-இல் கேம்பிரிட்ஜில் நடந்த ஃபாரடே கருத்தரங்கில் இரு தரப்பினரும் காரசாரமாக மோதிக்கொண்டனர்.

இந்த வழக்கில் முழு வெற்றி எவருக்கும் இல்லை. நீர்த்த கரைசலில் மெல்ல வளரும் படிகத்தில் பக்கத்திலேயே மடிவது மிகுதி. உருகிய நிலையிலிருந்து விரைவாகக் குளிரும்போது இருவகையும் கலந்திருக்கின்றன. உருகிய பாலிமர் படிகமான பின்னும் சங்கிலியின் மொத்த அளவு பெரிதும் மாறுவதில்லை என்று நியூட்ரான் சோதனை காட்டியது ஃபிளோரிக்குச் சாதகமாயிற்று.

நெரிசலில் சங்கிலி எப்படி இருக்கும் என்பதை ஃபிளோரி சொன்னார். எப்படி நகரும் என்பதைப் பின்வந்தவர்கள் சொன்னார்கள். அயல் சங்கிலிகள் குழாய் போல் சூழ்ந்திருக்க, சங்கிலி பாம்பைப் போல் தன் நீளவாக்கில் ஊர்ந்தே வெளியேறும் என்று 1971-இல் பிரெஞ்சு அறிஞர் டி ஜென் விளக்கினார். 1991-இல் அவரும் நோபல் பரிசு பெற்றார்.

நோபல் பரிசும் அதன் பயனும்

ஃபிளோரி 1957-இல் பிட்ஸ்பர்கில் உள்ள மெல்லன் ஆய்வு நிலையத்துக்கும், அங்கே அடிப்படை ஆராய்ச்சிக்கு எதிர்பார்த்த வாய்ப்புக் கைகூடாமையால் 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் சென்றார். 1974-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

பரிசினால் வந்த செல்வாக்கை அவர் தமக்காகச் செலவிடவில்லை. சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் கருத்துச் சுதந்திரம் மறுக்கப்பட்ட விஞ்ஞானிகளுக்காகக் குரல் கொடுத்தார். இயற்பியல் அறிஞர் ஆந்திரே சகாரவ் 1980-இல் கார்க்கி நகருக்கு நாடு கடத்தல் போல் அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். அவருடைய மனைவி யெலீனா போனர் நோயுற்றபோது, மேல்நாட்டில் மருத்துவம் பெற அவரை அனுப்புங்கள், அவர் திரும்பும் வரை பிணையாக நான் வந்து இருக்கிறேன் என்ற பொருளில் சோவியத் அரசுக்குத் தெரிவித்தார் ஃபிளோரி. எழுபதைக் கடந்த ஒரு பேராசிரியர், தமக்கு உறவல்லாத ஒரு பெண்மணிக்காகத் தம்மையே பிணை வைக்க முன்வந்தார். அந்த ஏற்பாட்டை அரசு ஏற்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் இறுதியில் போனர் சிகிச்சைக்காக வெளிநாடு செல்ல முடிந்தது. அதைக் காண ஃபிளோரி இல்லை. அவ்வாண்டு செப்டம்பர் மாதம், கலிபோர்னியாவின் பிக்சர் என்னும் கடலோர ஊரில் மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 75.

மாணவ நண்பர்களே! ஃபிளோரியிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. எல்லாருக்கும் நியாயமாகத் தோன்றும் கருத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒன்று. கணக்குச் சரியென்று கண்டபின், சான்று வர இருபதாண்டுகள் ஆனாலும் பொறுத்திருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நம் ஆய்வுக்கூடத்தில் பெரிய கருவிகள் இல்லை என்பது உண்மைதான். 1949-இல் அவருடைய கேள்விக்கு விடை சொல்லும் கருவி உலகில் எங்குமே இருக்கவில்லை. கேள்வியை அவர் அதற்காக ஒத்திப்போடவில்லை.